உடலே தயாரிக்கும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகள்: எங்கே இருக்கின்றன, எப்படிக் கொல்கின்றன, ஏன் இன்னும் மாத்திரையாகவில்லை?

கேள்வி இதுதான்: கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களை நம் உடலே தயாரிக்கிறது என்கிறார்கள். அவை எவை, எப்படி வேலை செய்கின்றன? ஆய்வகத்தில் சில நிமிடங்களில் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியவை என்றால், ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை? வைட்டமின் டி சாப்பிட்டால் அவை கூடுமா?

சுருக்கமான விடை: இந்தப் பெப்டைடுகளின் வலிமையில் பாதிதான் அவற்றின் வேதியியலில் இருக்கிறது. மறுபாதி, உடல் அவற்றை எந்த இடத்தில், எவ்வளவு செறிவில், எந்தக் கணத்தில் அவிழ்த்துவிடுகிறது என்பதில் இருக்கிறது. அந்த மறுபாதியை மாத்திரைக்குள் அடைக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. இனி விரிவாக.

பெப்டைடு என்பது சில பத்து அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த சிறு சங்கிலி. கிருமிகளைக் கொல்பவை பெரும்பாலும் 12 முதல் 50 அமினோ அமிலம் வரை நீளமுள்ளவை. ஆர்ஜினின், லைசின் என்ற நேர் மின்சுமை அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதால் நேர் மின்சுமை கொண்டவை. மடிந்த பிறகு ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டும். மனிதரிடம் முக்கியக் குடும்பங்கள் இரண்டு: டிஃபென்சின், கேத்தலிசிடின். டிஃபென்சின்களில் சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் ஆறு, மூன்று டைசல்ஃபைடு (கந்தகம்-கந்தகம்) பிணைப்புகளாகப் பூட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டீன்களை வரிசையாக எண்ணினால், ஆல்ஃபா வகையில் 1-6, 2-4, 3-5 என்றும், பீட்டா வகையில் 1-5, 2-4, 3-6 என்றும் பிணைப்பு அமைகிறது. கேத்தலிசிடினில் நமக்கு ஒரே ஒரு மரபணுதான் உண்டு. அதன் முன்வடிவப் புரதத்தின் வால்பகுதியை வெட்டினால் கிடைப்பது எல்எல்-37. இரண்டு லியூசின்களில் தொடங்கும் 37 அமினோ அமிலச் சங்கிலி என்பதால் அந்தப் பெயர். அதில் நேர் மின்சுமை 11, எதிர் மின்சுமை 5, நிகரம் +6. தீட்டா என்று வளையமாக மூடிய மூன்றாவது டிஃபென்சின் வகை ரீசஸ் குரங்கில் இருக்கிறது. நம்மிடமும் அந்த மரபணு உண்டு, ஆனால் நடுவில் ஒரு நிறுத்தக் குறி விழுந்துவிட்டதால் புரதம் உருவாவதில்லை.

கண்டறிந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்குச்சளியிலும் கண்ணீரிலும் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமை அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1922இல் அறிவித்தார். அது பெப்டைடு அல்ல, நொதி. ஆனாலும் இந்தத் துறையின் முதல் படி அதுதான். 1981இல் சுவீடனில் ஹான்ஸ் போமன் குழு, ஒரு பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபினைப் பிரித்தது. 1985இல் லாஸ் ஏஞ்சலஸில் கான்ஸ், செல்ஸ்டெட், லெரர் ஆகியோர் மனித வெள்ளணுவின் டிஃபென்சின்களை விவரித்தார்கள். 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்த தவளைகளின் புண் அசுத்த நீரிலும் சீழ்பிடிக்காததன் காரணத்தைத் தேடி, தவளைத் தோலில் மகைனினைக் கண்டார்.

கொல்லும் விதத்துக்கு வருவோம். நம் செல்லின் வெளிச்சவ்வுப் பரப்பில் பெரும்பாலும் மின்சுமை நடுநிலையான கொழுப்புகளே இருக்கின்றன. எதிர் மின்சுமையுள்ள பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு உட்புற அடுக்கில் ஒதுங்கியிருக்கிறது. கொலஸ்டிரால் சவ்வை இறுக்கிப் பிடிக்கிறது. பாக்டீரியாவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. அதன் சவ்வில் எதிர் மின்சுமையுள்ள பாஸ்ஃபடிடைல்கிளிசெராலும் கார்டியோலிப்பினும் நிறைந்திருக்கின்றன. பாக்டீரியாவைச் செல்சுவர் அமைப்பைக் காட்டும் கிராம் சாயத்தால் நேர், எதிர் என இரு வகையாகப் பிரிப்பார்கள். அதன் சவ்வுக்கும் வெளியே, கிராம் நேர் பாக்டீரியாவில் டைகோயிக் அமிலமும் கிராம் எதிர் பாக்டீரியாவில் லிப்போபாலிசாக்கரைடும் எதிர் மின்சுமையோடு நிற்கின்றன. நேர் மின்சுமையுள்ள பெப்டைடு எதை நாடிப் போகும் என்பது இதிலேயே முடிவாகிவிடுகிறது.

கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில், லிப்போபாலிசாக்கரைடின் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ மூலக்கூறுகளின் பாஸ்ஃபேட்டுகளை மெக்னீசியமும் கால்சியமும் இணைத்து வைத்திருக்கின்றன. பெப்டைடு அந்த அயனிகளை இடம்பெயர்த்துத் தான் அங்கே உட்காரும். சவ்வு அங்கே பிளவுபடும், அந்தப் பிளவின் வழியே மேலும் பெப்டைடுகள் நுழையும். உட்சவ்வை அடைந்ததும் முதலில் பரப்பில் படுத்துக் கிடக்கும். அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டியதும் சவ்வில் துளை விழும், அல்லது சவ்வே துண்டுதுண்டாகக் கலையும். பொட்டாசியம் வெளியேறும், சவ்வின் மின்னழுத்தம் சரியும், செல் சாகும். இந்த வரம்பு என்ற கருத்தை மனதில் வையுங்கள். வரம்புக்குக் கீழே இருந்தால் ஒன்றும் நடக்காது, அதனால்தான் செறிவு இங்கே உயிர்நாடி.

சவ்வைக் கிழிப்பது மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். மனித பீட்டா டிஃபென்சின்-3, பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் லிப்பிட்-2 என்ற மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு கட்டுமானத்தையே நிறுத்துகிறது. சிறுகுடலின் ஆல்ஃபா டிஃபென்சின்-6 கொல்வதே இல்லை என்று சொல்லலாம். அது நூலிழைகளாகக் கோத்து வலை பின்னி, சால்மோனெல்லா குடற்சுவரைத் தொடாமல் தடுக்கிறது. உமிழ்நீரின் ஹிஸ்டாட்டின்-5, 24 அமினோ அமிலங்களில் 7 ஹிஸ்டிடின் கொண்டது. அது கேண்டிடா பூஞ்சையின் உள்ளேயே நுழைந்து செயல்படுகிறது. இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ் ஆகியவற்றைப் பிடித்துவைத்துக் கிருமியைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின், கால்ப்ரொடெக்டின், சொரியாசின் போன்ற பெரிய புரதங்களும் இவற்றோடு சேர்ந்தே வேலை செய்கின்றன.

இனி இடத்தைப் பற்றி. என் பார்வையில் இந்தத் துறையில் மிக அழகானது இந்தப் பகுதிதான்.

நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி தயாரிக்கிறது. ஒவ்வொன்றின் மொத்தப் புரதத்தில் 5 முதல் 7 சதவீதம் ஆல்ஃபா டிஃபென்சின்கள். அந்தச் செல்லுக்குள் புரதங்களைச் சேமித்துவைக்கும் முதன்மை நுண்பைகளின் புரதத்தை மட்டும் எடுத்தால் 30 முதல் 50 சதவீதம். கிருமியை விழுங்கிய மிகச் சிறிய அறைக்குள் அந்தப் பைகள் கொட்டும்போது, செறிவு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் அளவை எட்டும். இரத்தத்தில் அந்தச் செறிவை மருந்தாக ஏற்றினால் மனிதரே தாங்க மாட்டார். எல்எல்-37இன் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. அதன் முன்வடிவம் உறையிலிட்ட கத்தியாக இரண்டாம் வகை நுண்பையில் கிடக்கிறது. அதை வெட்டித் திறக்கும் புரோட்டினேஸ்-3 நொதி முதன்மை நுண்பையில் தனியே இருக்கிறது. இரண்டு பைகளும் செல்லுக்கு வெளியே கொட்டிக் கலக்கும்போதுதான் எல்எல்-37 பிறக்கிறது.

அதே முன்வடிவத்தைத் தோலில் வேறொரு நொதி, கல்லிக்ரெயின்-5, வெட்டுகிறது. விந்தில் இருக்கும் முன்வடிவம், பெண்ணுறுப்பின் அமிலத்தன்மை பட்டதும் காஸ்ட்ரிக்சின் என்ற நொதியால் வெட்டப்பட்டு 38 அமினோ அமிலப் பெப்டைடாகிறது. சிறுகுடலில், உட்சுவரின் குழிகளின் அடியில் இருக்கும் பனெத் செல்கள் ஆல்ஃபா டிஃபென்சின்-5ஐ முன்வடிவமாகச் சுரக்கின்றன. டிரிப்சின் என்ற நொதி அதைத் திறக்கிறது. அந்தக் குழியில், பனெத் செல்களின் பக்கத்திலேயே குடற்சுவரைப் புதுப்பிக்கும் தண்டுச் செல்கள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், காவல் ஏன் அங்கே போடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். பீட்டா டிஃபென்சின்-1இன் கதை நேர் எதிர். அது பல காலம் பலவீனமானது என்று ஒதுக்கப்பட்டது. பெருங்குடலில் ஆக்சிஜன் குறைவான சூழலில் தையோரெடாக்சின் என்ற புரதம் அதன் டைசல்ஃபைடு பிணைப்புகளை அவிழ்த்ததும் வீரியமாகிறது என்று 2011இல் தெரிந்தது. சாதாரணக் காற்றுச் சூழலில் சோதித்தவர்களுக்கு அந்த வீரியம் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

வியர்வையில் டெர்ம்சிடின் இருக்கிறது, மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம். இதன் மின்சுமை எதிர்வகை, எனவே மேலே சொன்ன பொதுவிதிக்கு விலக்கு. துத்தநாகத்தின் துணையோடு சவ்வில் துளையிடுகிறது. வியர்வையின் உப்பிலும் அமிலத்தன்மையிலும் குன்றாமல் செயல்படுகிறது.

இடம், செறிவு, கணம் ஆகியவற்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நோய்களே சாட்சி. கோஸ்ட்மன் நோயில் பிறவியிலேயே நியூட்ரோஃபில்கள் மிகக் குறைவு. வளர்ச்சிக் காரணி ஊசியால் எண்ணிக்கையை உயர்த்திவிடலாம். ஆனால் அப்படி உயர்ந்த செல்களில் எல்எல்-37 இல்லை, ஈறு நோயும் விடுவதில்லை. 2002இல் வெளியான ஆய்வில், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு மட்டும் எல்எல்-37 இயல்பாக இருந்தது, பல்லும் நன்றாக இருந்தது. பாப்பியோன்-லெஃபெவ்ர் நோயில் பழுது வேறிடத்தில்: கத்தெப்சின்-சி நொதி பழுதானதால் புரோட்டினேஸ்-3 முதிர்வதில்லை, எனவே முன்வடிவம் இருந்தும் வெட்டப்படுவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தடித்த குழந்தைக்குப் பால்பற்கள் முளைத்த கையோடு ஈறு அழற்சி வந்து ஆடத் தொடங்கினால் பல் மருத்துவர் இதை நினைக்க வேண்டும். ஏடாபிக் எக்சிமா என்ற ஒவ்வாமைத் தோல் அழற்சியில் இன்டர்லூக்கின்-4, 13 ஆகிய நோயெதிர்ப்புச் செய்தி மூலக்கூறுகள் தோலின் பெப்டைடு உற்பத்தியை அடக்குகின்றன. அழற்சி இருந்தும் எல்எல்-37, பீட்டா டிஃபென்சின்-2 இரண்டும் சொரியாசிஸ் தோலில் உள்ளதைவிட மிகக் குறைவு. அந்தத் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதாகக் குடியேறுகிறது.

மிகுந்தாலும் தொல்லைதான். ரோசேசியா என்ற முகச்சிவப்பு நோயில் கல்லிக்ரெயின்-5 அதிகமாகி, எல்எல்-37 அளவுக்கு மீறியும் தவறான துண்டுகளாகவும் வெட்டப்படுகிறது. அதனால்தான் பாக்டீரியாவைக் கொல்லப் போதாத 40 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அங்கே பலன் தருகிறது. அது வெட்டும் நொதிகளின் சங்கிலியைத் தடுக்கிறது. சொரியாசிசில் எல்எல்-37, செத்த செல்களின் டிஎன்ஏவைச் சுற்றிக்கொண்டு, அதை வைரஸ் டிஎன்ஏ போல நோயெதிர்ப்பு செல்லுக்குக் காட்டி, அழற்சியைக் கிளப்பும் இன்டர்ஃபெரானைத் தூண்டுகிறது. கிருமியைக் கொல்லும் அதே நேர் மின்சுமை, இடம் தவறினால் சொந்த டிஎன்ஏவையும் பிடிக்கும்.

ஆய்வக எண்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதை மாணவர்களுக்காகவே விரித்துச் சொல்ல வேண்டும். கிருமியைத் தடுக்கப் போதுமான செறிவு என்று பல கட்டுரைகளில் வரும் 1-2 மைக்ரோமோலார் என்ற கவர்ச்சியான எண், 10 மில்லிமோலார் பாஸ்ஃபேட் கரைசலில் எடுத்தது. உடல் திரவத்தில் உப்பு சுமார் 150 மில்லிமோலார். அந்த உப்பு பெப்டைடுக்கும் சவ்வுக்கும் இடையிலான மின் ஈர்ப்பை மறைத்துவிடுகிறது, பல டிஃபென்சின்கள் அங்கே செயலிழக்கின்றன. சுமார் +11 மின்சுமையுள்ள பீட்டா டிஃபென்சின்-3 ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆன்டிபயாடிக் சோதனைக்கான அயனி சரிசெய்த முல்லர்-ஹின்டன் கரைசலில் லிட்டருக்கு 20-25 மில்லிகிராம் கால்சியமும் 10-12.5 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கும். அவை இதே வேலையைக் கெடுக்கும். இரத்த சீரத்தைச் சேர்த்தால் எல்எல்-37ஐ அப்போலிப்போபுரதம் ஏ-1 பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே பெப்டைடைக் குறை உப்பு, முழு உப்பு, சீரம் என மூன்று நிலையிலும் சோதித்து, மூன்று எண்களையும் சேர்த்தே தர வேண்டும்.

சோதனை செய்யும் தட்டு விஷயத்திலும் தவறு சர்வசாதாரணம். நேர் மின்சுமைப் பெப்டைடு பாலிஸ்டைரீன் தட்டின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். செறிவு குறைந்து, பெப்டைடு வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவார்கள். பாலிபுரொப்பிலீன் தட்டு வேண்டும். 0.01 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.2 சதவீத மாட்டு ஆல்புமின் சேர்த்த கரைசலில் நீர்த்தல் வரிசை போடுங்கள். பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 5 லட்சம் என்ற அளவில் இருக்கட்டும். ஒரு செல்லை வீழ்த்தவே லட்சக்கணக்கில் பெப்டைடு மூலக்கூறுகள் ஒட்ட வேண்டியிருப்பதால், பாக்டீரியா எண்ணிக்கை கூடினால் தேவையான செறிவும் கூடிவிடும். வாங்கிய பெப்டைடுப் பொடியின் எடை முழுவதும் பெப்டைடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரைஃபுளோரோஅசிட்டேட்டும் ஈரமும் போக, உள்ளே 60-80 சதவீதம் இருப்பதே வழக்கம். டிஃபென்சின் என்றால் பிணைப்புகள் சரியாக மடிந்ததா என்று சான்று கேளுங்கள். அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடை ஒப்பீட்டுக்கு வையுங்கள். மனித இரத்தச் சிவப்பணுக்களோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபின் கசிவை அளக்காமல் 'மனித செல்லுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதக் கூடாது. எல்எல்-37 சில பத்து மைக்ரோமோலாரில் நம் செல்களையும் கிழிக்கும்.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், டைகோயிக் அமிலத்தில் டி-அலனினையும் சவ்வுக் கொழுப்பில் லைசினையும் ஒட்டித் தன் எதிர் மின்சுமையைக் குறைத்துக்கொள்கிறது. ஆரியோலைசின் நொதியால் எல்எல்-37ஐ வெட்டுகிறது. சால்மோனெல்லாவின் ஃபோக்யூ உணரி பெப்டைடை நேரடியாக அறிந்து, லிப்பிட் ஏயை மாற்றியமைக்கச் சொல்கிறது. குடலில் நம்மோடு வாழும் பாக்டீராய்ட்ஸ், லிப்பிட் ஏயிலிருந்து ஒரு பாஸ்ஃபேட்டை நீக்கிவிட்டு நம் பெப்டைடுகளுக்கு நடுவே நிம்மதியாக இருக்கிறது. நட்புக் கிருமிகள் அழியாமல் நிலைப்பதற்கு இது ஒரு காரணம்.

கொலிஸ்டின் விவகாரம் இங்கேதான் கவலை தருகிறது. அது பாக்டீரியா தயாரிக்கும் பெப்டைடு மருந்து, இதே லிப்பிட் ஏயைத் தாக்குவது. பன்றி, கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு கொட்டினார்கள். பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவும் எம்சிஆர்-1 எதிர்ப்பு மரபணு 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. அந்த மரபணு பெற்ற ஈகோலை, கொலிஸ்டினை மட்டுமல்லாமல் மனிதர், பன்றி, கோழி ஆகியோரின் சொந்தப் பெப்டைடுகளையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று பிறகு தெரிந்தது. பண்ணையில் செய்த தவறு நம் பிறவிக் காவலையே அரிக்கிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது மிகச் சரியான முடிவு.

மருந்தாக்கும் முயற்சிகள் குறையவில்லை. மகைனினை ஒட்டி உருவான பெக்சிகனான் களிம்பை, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்காக அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 1999இல் ஏற்கவில்லை. பிறகு நடந்த பெரிய சோதனைகளிலும் அது தேறவில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கான முரெபவாடின், ஊசிவழிச் சோதனையில் சிறுநீரகப் பாதிப்பு காரணமாக 2019இல் நிறுத்தப்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு மாட்டு லாக்டோஃபெரின் கொடுத்துப் பிரிட்டனில் 2,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் தொற்று குறையவில்லை. எனக்கு மிகவும் பாடம் புகட்டும் சோதனை, 2014இல் வெளியான எல்எல்-37 கால் சிரைப் புண் (இரத்தக்குழாய்க் கோளாறால் காலில் வரும் புண்) சோதனை. மில்லிலிட்டருக்கு 0.5, 1.6 மில்லிகிராம் போட்டபோது புண் வேகமாக ஆறியது, 3.2 மில்லிகிராம் போட்டபோது போலிமருந்தைவிட மேலாக இல்லை. கூட்டினால் நன்மை கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இதோடு, வாய்வழி கொடுத்தால் செரிமான நொதிகள் வெட்டிவிடும், இரத்தக்குழாய்வழி கொடுத்தால் சீரப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும், தயாரிப்புச் செலவும் அதிகம். தோல், கண், வாய் போன்ற மேற்பரப்புகளில்தான் நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

கடைசியாக வைட்டமின் டி. அடிப்படை உயிரியல் உறுதியானது. காசநோய்க் கிருமியின் அடையாளத்தை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் உணர்ந்ததும், வைட்டமின் டியைச் செயல்வடிவாக்கும் நொதியையும் அதன் ஏற்பியையும் கூட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பி கேத்தலிசிடின் மரபணுவை நேரடியாக முடுக்குகிறது. இது 2006இல் தெளிவானது. மனிதரிலும் குரங்கினங்களிலும் உள்ள இந்த இணைப்பு எலியில் கிடையாது, எனவே எலிச் சோதனை இங்கே உதவாது. ஆனால் நோயாளியிடம் வந்தபோது பலன் காணவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் பங்கேற்று 2015இல் வெளியான இந்தியச் சோதனையில், காசநோய் மருந்தோடு 2.5 மில்லிகிராம் வைட்டமின் டி நான்கு முறை கொடுத்தும் சளியில் கிருமி மறையும் நாள் குறையவில்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளுக்கு வாரம் 14,000 அலகு வீதம் மூன்று ஆண்டு கொடுத்தும் காசநோய்த் தொற்று தடைபடவில்லை. வைட்டமின் டி குறைபாடு இருந்தால் எலும்புக்காக அதைச் சரிசெய்யுங்கள். பெப்டைடைக் கூட்டுவதற்காக அளவுக்கு மீறி விழுங்கினால் மிஞ்சுவது கால்சியம் ஏறிய இரத்தமும் சிறுநீரகக் கல்லும்தான்.

உணவில் ஒரு வழி ஓரளவு நம்பிக்கை தருகிறது. ஷிகெல்லா வயிற்றுக்கடுப்பு, குடற்சுவரின் எல்எல்-37 உற்பத்தியையே அடக்கிவிடுகிறது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது கிடைக்கும் பியூட்டிரேட் அதை மீட்கிறது என்று முயல்களில் காட்டப்பட்டது. டாக்காவில் வேகவைத்த வாழைக்காய் சேர்த்த அரிசி உணவு கொடுத்தபோது குழந்தைகளின் நீடித்த வயிற்றுப்போக்கு விரைவாகக் குறைந்தது. அதில் பெப்டைடின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் வாழைக்காயால் கெடுதல் ஒன்றுமில்லை. உப்புசர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் கொடுப்பதை மட்டும் அதற்காக நிறுத்தக் கூடாது.

செலவில்லாத இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் உடலில் படிந்திருக்கும் வெண்ணிற மெழுகுப் படிவத்தில் எல்எல்-37, லைசோசைம் முதலியவை இருக்கின்றன. அதை அழுக்கென்று நினைத்து உடனே தேய்த்துக் கழுவுகிறார்கள். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையின் உடல்சூடு குறையாமல் காப்பதற்கும் அது உதவும். பிரசவ அறையில் துடைப்பதென்றால் இரத்தத்தை மட்டும் மென்மையாக ஒற்றி எடுத்துவிட்டு, மெழுகைத் தோலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.